ஏடும் சுருளும்

பாலு மகேந்திரா மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகின்றன. 2014 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13 ஆந் தேதி, தமது எழுபத்தைந்தாவது வயதிற் சென்னையில் அவர் உயிர் நீத்தார். அன்று தொடக்கம் அவருடைய சுவைஞர்கள் அவரை நினைந்து பேசியும் எழுதியும் வருகின்றனர். மட்டக்களப்பார் அவரைத் தம் ஊர்ப் பிள்ளை என்று பெருமை கொள்வர்; சென்னையார் தம் கலைஞர் என்பர்; மலையாளத்தாரும் கன்னடத்தாரும்கூட அவர்மேல் உரிமை கொண்டாட நியாயம் உண்டு. இறந்துபோன கலைஞன் ஒருவனை இத்தனை பேர் தமக்குரியவன் என்று சொல்லுவது மகிழத்தக்கதே. ஆயினும், அவரை நினைப்போர் எதனை நினைக்கின்றனர் என்று சற்றே உற்று நோக்குமிடத்து நமக்கு ஓர் அச்சம் உண்டாகின்றது. அவ்வச்சத்தையே இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

நினைவுரைகளிற் பல, அவர் தலையிலிருந்து நீங்காத தொப்பியிலே தொடங்குகின்றன. பின்னர் 'மூன்றாம் பிறை'யின் பாட்டுக்கு வருகின்றன. அதன்பின் அவரால் உயர்ந்த நடிகர் நடிகையரின் பெயர்வரிசை. சிலர் அவருடைய இல்வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்து, அதனையும் அஞ்சலி என்ற பெயரால் வெளியிடுகின்றனர். (இறந்தாரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசலாம், அவர் எழுந்து மறுக்கமாட்டார் என்ற துணிவு எக்காலத்தும் உள்ளதுதான்.) அவர் செய்த வேலை யாது, அதனை எவ்வாறு செய்தார், அது இன்று எந்நிலையிற் கிடக்கின்றது என்பவற்றைச் சொல்வாரோ மிகச் சிலர். புலவன் ஒருவன் இறந்தபின் அவன் அணிந்த சால்வையையும் அவன் நடந்த தெருவையும் வருணித்து, நூலைத் திறவாமலே கூட்டத்தை முடித்துக்கொள்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இனி, நம் பண்டிதக் கூட்டத்தார் பக்கம் ஒரு சொல். சினிமாவைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதலாமா என்று முகஞ் சுளிப்போர் நம்மிடையே இன்றும் உளர். கூத்தையும் இவ்வாறே ஒரு காலத்திற் புறத்தே நிறுத்தினோம். பின்னர் அண்ணாவிமார் பலர் மறைந்தபின், அவர் ஆடிய கூத்தின் ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்தோம். முத்தமிழில் மூன்றாவது தமிழ் நாடகம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், அந்நாடகம் நம் கண்முன்னே வெள்ளித்திரையிற் புதுவடிவெடுத்து வந்தபோது, நல்லதையும் தீயதையும் ஒன்றாய்க் கூட்டித் தள்ளினோம். தள்ளியதனால் தீயது குறையவில்லை. நல்லதுதான் பேணுவாரின்றிப் போயிற்று.

மட்டக்களப்புக்கு அணித்தாயுள்ள அமிர்தகழியில் 1939 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் தேதி பிறந்தவர் பாலு மகேந்திரா. அவர் பயின்ற புனித மைக்கேல் கல்லூரி, அவருக்கு முந்திய தலைமுறையில் விபுலானந்த அடிகளையும் மாணவராகப் பெற்றிருந்தது. பெயரளவில் மட்டுமே எஞ்சியிருந்த யாழை நூற்சான்று கொண்டு மீட்டெடுக்க முயன்றவர் அடிகள். அழிந்த கலையொன்றைத் தேடியவரும், அழியக்கூடிய கலையொன்றைக் கைக்கொண்டவரும் ஒரே கல்லூரியின் மாணவர்கள் என்பது எண்ணத்தக்கது.

பள்ளிப் பருவத்திற் சுற்றுலாச் சென்றவிடத்து, கித்துல்கலவில் டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கின்றார். மழை என்று அம்மனிதர் ஆணையிட, உடனே மழை பெய்ததாம். வருணனை ஏவல்கொண்ட அம்மனிதர் யாராயிருக்கலாம் என்ற வியப்பே அச்சிறுவனைத் திரைத்தொழிலுக்கு இழுத்தது. நம் தீவின் மலைக்காட்டிற் பிறந்த அவ்வாசை, பின்னர் புனே நகரத்துத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவுக் கல்வியாக முதிர்ந்தது. 1969 இல் அங்கே பயிற்சி முடித்தவர், 1974 இல் வெளிவந்த 'நெல்லு' என்னும் மலையாளப் படத்தின் ஒளிப்பதிவாளராகத் தொழிலைத் தொடங்கினார். கேரள அரசின் விருது அவ்வாண்டே வந்தது. தாமே நெறியாண்ட முதற்படம் கன்னடத்தில்: 1977 இன் 'கோகிலா'. தமிழுக்கு அவர் நெறியாளராக வந்தது 1979 இல், 'அழியாத கோலங்கள்' வாயிலாக.

அவருடைய கைவண்ணம் யாதெனில், ஒளி. சன்னல் வழியே வரும் வெயில், மரத்தடி நிழல், அந்திக் கருக்கல், மலைநாட்டு மூடுபனி ஆகியவற்றை உள்ளவாறே படத்திற் கொண்டுவருவதில் அவர் பிடிவாதமாயிருந்தார். அக்காலத்துத் தமிழ்ப் படங்களில் அடுக்களைக்குள்ளும் ஆயிரம் விளக்கின் பிரகாசம் இருக்கும்; ஏழையின் குடிசையும் பட்டப்பகல்போல் மின்னும். பாலு மகேந்திரா விளக்குகளைக் குறைத்தார். இருள் இருக்கவேண்டிய இடத்தில் இருளை இருக்கவிட்டார். 1978 இல் மகேந்திரன் நெறியாண்ட 'முள்ளும் மலரும்' படத்தைப் பார்த்தவர்கள், அதிலுள்ள மலையும் காற்றும் கதையில் வரும் அண்ணன் தங்கையரைப் போலவே மனத்தில் நின்றதை உணர்ந்திருப்பர். அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் இவரே. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்கு எவ்வாறு துணைநிற்கும் என்று வகுப்பில் விளக்குவதற்கு நாம் படும் பாட்டை ஆசிரிய அன்பர்கள் அறிவர். குறிஞ்சிக்குரிய கூதிரும் யாமமும் ஏன் என்று கேட்கும் மாணவனுக்கு 'மூன்றாம் பிறை'யின் உதகமண்டலத்துக் காட்சிகள் பத்துப் பக்க உரையைக் காட்டிலும் விரைவில் விடை கூறும்.

ஆயினும், புகழ்வதற்காகவே எழுதப் புகுந்தோமல்லேம். 1982 இன் 'மூன்றாம் பிறை' அவருக்கும் கமல்ஹாசனுக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்த படம். அதன் முடிவில், மழையில் நனைந்து இரயில் நிலையத்தில் அம்மனிதன் செய்யும் குரங்குச் சேட்டையைக் கண்டு கலங்காதவர் அரியர். அப்படத்திலேயே, கதைக்கு ஒட்டாத கவர்ச்சிக் காட்சிகளும் உள. வணிகத்துக்கு அவர் செலுத்திய வரி என்று அவற்றைச் சொல்லலாம். 'மறுபடியும்' இந்திப் படமொன்றின் மறுவாக்கம்; 'ஜூலி கணபதி' ஆங்கிலக் கதையின் சாயல். இவற்றை எல்லாம் ஒருதரமென்று கொண்டு மாலை சூட்டுவது சுவைஞர்க்கு அழகன்று. நெறியாளர் தாமே அவ்வாறு கொள்ளவில்லை. தாம் எடுத்தவற்றுட் குறைந்த பிழைகளையுடையவை 'வீடு', 'சந்தியா ராகம்' என்னும் இரண்டே என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தம் நூலைத் தாமே தரம்பிரித்துக் காட்டிய ஆசிரியர் எத்தனை பேர் உளர்?

ஆகவே அவ்விரண்டையும் பற்றிச் சிறிது விரித்துச் சொல்வோம்.

'வீடு' 1988 இல் வெளிவந்தது. கதையென்று சொல்ல அதில் அதிகம் இல்லை. சென்னையில் வாடகை வீட்டிற் குடியிருக்கும் சுதா என்ற பெண். உத்தியோகம் பார்த்துத் தங்கையையும் முதிய தாத்தாவையும் காப்பவள். வீட்டை விடும்படி உரிமையாளர் சொல்லிவிடுகின்றார். வேறு வீடு தேடி அலைந்து, கிடைக்காமல், சொந்தமாகவே ஒரு சிறு வீடு கட்டலாம் என்று துணிகின்றாள். தாத்தாவுக்கு நகரத்துப் புறத்தே இரண்டு துண்டு நிலம் உண்டு. ஒன்றை விற்று மற்றதிற் கட்டுவது என்று முடிவாகின்றது. அவ்வளவே. அதன்பின் வருவது கடனும் அனுமதிப் பத்திரமும் கல்லும் மணலும் சீமெந்துமாகும். வேலையை ஒப்புக்கொண்ட ஒப்பந்தகாரன் சீமெந்தைக் களவில் விற்கின்றான். அதனைக் கண்டு சொல்பவள் அங்கே கூலிக்கு வேலைசெய்யும் ஒரு பெண். கடன் தருவதாய்ச் சொல்லும் மேலதிகாரியின் நோக்கம் வேறாயிருக்கின்றது. நகை போகின்றது, சுவர் எழுகின்றது, மறுபடியும் பணம் போதவில்லை, சுவர் நிற்கின்றது.

இத்தகைய பொருளை வைத்துக்கொண்டு பாட்டில்லாமல், சண்டையில்லாமல், நகைச்சுவைத் துணுக்கில்லாமல் ஒரு தமிழ்ப்படத்தை 1988 இல் எடுப்பது எத்தகைய துணிவு என்பதை அக்காலத்துப் படமாளிகைகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையராஜா முன்னரே வெளியிட்டிருந்த வாத்திய இசையிலிருந்து எடுத்த பகுதிகளே அங்கங்கே ஒலிக்கின்றன; எஞ்சிய இடங்களில் நகரத்து ஓசையும் கட்டட வேலையின் ஓசையும். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படத்துக்கான விருதும் கிடைத்தன.

அப்படத்தில் ஒரு காட்சி உண்டு. தாத்தாவாக நடிப்பவர் சொக்கலிங்க பாகவதர் என்னும் முதிய நாடக நடிகர். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்த்துவரவேண்டும் என்று அம்முதியவர் தள்ளாத வயதில் தட்டுத்தடுமாறிச் செல்கின்றார். கூரையில்லாத அறைகளுக்குள் நுழைகின்றார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கின்றார். பேசுவதற்கு அங்கே எவரும் இல்லை. பேசத் தேவையும் இல்லை. அம்முகத்தில் அப்போது மலரும் மகிழ்ச்சியைச் சொல்லிற் காட்டுவதற்கு நாம் முயன்றால் தோற்போம். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் இறந்துபோகின்றார். வீடும் கைகூடுவதில்லை. அந்நிலம் குடிநீர்த் திட்டத்துக்கென்று ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்று அரசாங்க அலுவலர் ஒருவர் வந்து சொல்கின்றார். ஒரு திணைக்களம் கட்டலாம் என்று முத்திரை குத்தியது. மற்றொரு திணைக்களம் கட்டக்கூடாது என்கின்றது. இரண்டும் ஓர் அரசின் திணைக்களங்களே.

நம் தாய் ஒரு வீடு கட்டப் பட்ட பாட்டை நம்மிற் பலர் பிள்ளைப் பருவத்திற் கண்டிருப்போம். பாலு மகேந்திராவும் கண்டிருந்தார். வீட்டு வேலை தொடங்கிய நாள் முதலாகத் தம் அன்னையின் முகத்திலிருந்த சிரிப்பு எவ்வாறு மறைந்தது என்ற பால்ய நினைவே இப்படத்துக்கு வித்து என்பது அவர் கூற்று. சென்னைக் கதையாக நாம் கண்டது உண்மையில் மட்டக்களப்பு மண்ணில் ஊன்றிய கதை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் அவர்மேற் சாற்றும் குறையொன்றையும் எடுத்துப் பேசவேண்டும். ஈழத்தமிழராய்ப் பிறந்தும் ஈழத்தமிழரின் துயரை அவர் படமாக்கவில்லை என்பதே அக்குறை. உண்மைதான்; நம் போரையோ இடப்பெயர்வையோ நடுப்பொருளாகக் கொண்ட படம் அவர் எடுத்தவற்றுள் இல்லை. ஆனால் கலைஞனிடம் இதனை எழுது, இதனை எடு என்று கட்டளை பிறப்பிப்பது நம் வேலையன்று என்பது நம் கருத்து. மேலும், 'வீடு' வெளிவந்த காலத்தில் நம் நாட்டில் எத்தனை வீடுகள் கூரையிழந்து நின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். அப்படத்தைப் பின்னாளில் ஒளிநாடாவிற் பார்த்த நம்மவர்க்கு, பூசாத சுவரைத் தடவும் அம்முதியவர் சென்னைக் கிழவராய் மட்டும் தோன்றியிருப்பாரா? வீட்டை விட்டு எழுந்தவர்களின் கண், வீட்டைப் பற்றிய படத்தை வேறுவிதமாகவே பார்க்கும். படைத்தவன் எண்ணாத பொருளும் படிப்பவன் உள்ளத்தில் விளைவது நூலுக்குக் குறையன்று, பெருமையே என்பதை உரைநூல் கற்றோர் அறிவர்.

'சந்தியா ராகம்' அடுத்த ஆண்டு, 1989 இன் விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. குடும்ப நலன் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதே சொக்கலிங்க பாகவதர். இம்முறை, ஒருகாலத்தில் நடனக் கலைஞராயிருந்த சிதம்பரம் என்னும் முதியவர். மனைவியை இழந்தபின் நகரத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்து சேர்கின்றார். அவர்கள் கொடியவர்களல்லர், வறியவர்கள். வீட்டிலிருப்போரின் வாயை எண்ணி அரிசி கொள்பவர்கள். அவ்வீட்டில் ஒரு வாய் அதிகப்படும்போது என்ன நிகழும் என்பதை, எவரையும் குற்றஞ் சாட்டாமல் அப்படம் காட்டுகின்றது. முதுமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல உள. படம்பிடிக்கப்பட்டவை மிகச் சில.

மேலே சொன்ன அச்சத்துக்கு இப்போது வருகின்றோம். தம் படங்களுட் சிறந்தவை என்று தாமே எண்ணிய இவ்விரண்டு படங்களின் நெகட்டிவ் எனப்படும் மூலச்சுருள்கள் இப்போது இல்லை என்று பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வருந்திச் சொன்னார். தமிழ்ப் படங்களைப் பேணிக்காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று மேடைகளில் மன்றாடினார்.

திரைத்தொழிலின் நுட்பம் அறியாத வாசகர்க்காக ஒன்று கூறுவோம். படக்கருவியிலே பதிவான மூலச்சுருளிலிருந்துதான் படமாளிகைகளுக்குச் செல்லும் பிரதிகள் எடுக்கப்பட்டன. மூலம் இருக்கும்வரை பிரதி எத்தனையும் எடுக்கலாம்; மூலம் போனால், எஞ்சிய பிரதியில் விழுந்த கீறலும் மங்கலும் என்றைக்குமாய் நிலைத்துவிடும். அச்சுருள் நெடுங்காலம் நிற்கும் பொருளுமன்று. பழைய நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் பல. பின்வந்த அசிற்றேற்றுச் சுருளோ, வெப்பமும் ஈரமும் பட்டால் உள்ளேயே புளித்துக் காடி நாற்றம் வீசிச் சுருங்கிவிடும். வர்ணச்சுருளில் நிறங்கள் ஒவ்வொன்றாய் வெளிறி, இறுதியிற் செம்மை மட்டும் எஞ்சும். இவற்றைக் குளிர்ந்த, உலர்ந்த அறைகளில் ஆண்டாண்டாய் வைத்துப் பேணவேண்டும். கடற்கரை நகரமாகிய சென்னையில், தயாரித்தவர் கடன்பட்டு ஒதுங்கிய பின்னர், பதனிடுஞ் சாலையின் மூலையில் அடுக்கப்பட்ட தகரப்பெட்டிகளுக்கு வாடகை கொடுப்பவர் யார்?

இது ஒருவர்க்கு மாத்திரம் நேர்ந்த இழப்பன்று. தென்னாட்டின் முதற் பேசாப்படமாகிய, நடராச முதலியார் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதுவும் இல்லை. அவற்றைப் பற்றி எழுதுவோர் விளம்பரத் தாள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் கொண்டே எழுதுகின்றனர். 1964 இல் புனேயில் இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டபின், பி. கே. நாயர் என்னும் ஒரு மனிதர் ஊரூராய் அலைந்து சேர்த்த படங்களாலேயே இந்தியத் திரையின் பழைய வரலாறு ஓரளவேனும் எஞ்சியது. 2016 இல் அவர் மறைந்தபோது, நடிகர் ஒருவர் மறைந்தாற்போல் தெருவெல்லாம் கூட்டம் கூடவில்லை.

நம் நாட்டிலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. 1983 ஆடிக் கலவரத்தில் ஹெந்தலையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானபோது சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. தமிழருக்கு வைத்த தீ தமிழரோடு நிற்கவில்லை. தர்மசேன பத்திராஜ நெறியாண்ட 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) முதலிய நம் படங்களை இன்றைய மாணவரில் எத்தனை பேர் பார்த்திருக்கின்றனர்? பெயரேனும் கேட்டிருக்கின்றனரா? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் தீ வைப்பாரின்றியே, கவனிப்பாரின்றி மட்டுமே அழிபவற்றுக்கு நாம் எவரைக் குறைகூறுவது?

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்த காலத்தை எண்ணிப் பார்க்கின்றோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றிய அப்பெரியார், தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளைக் கண்டு தம் பதிப்புரையிற் கலங்கி எழுதியிருக்கின்றார். அவர் காலத்துக்கு முன்னரே போய்விட்டவை போய்விட்டன. வளையாபதியும் குண்டலகேசியும் தகடூர் யாத்திரையும் நமக்கு முழுமையாய்க் கிட்டவில்லை. ஆயினும் முற்றாய் ஒழியவுமில்லை. ஏன்? உரையாசிரியர்கள் தம் உரைகளில் மேற்கோளாய் எடுத்தாண்டனர். புறத்திரட்டுப் போன்ற தொகைகளைச் செய்தவர்கள் சிற்சில பாட்டுக்களை எடுத்து வைத்தனர். நூலை விரும்பிய வாசகன் ஒருவன் தான் விரும்பியதைத் துல்லியமாய் எழுதிவைத்ததனால், நூல் போயும் அதன் ஒரு கீற்று எஞ்சியது.

திரைப்படச் சுவைஞர், தம் அபிமான நெறியாளர் இறந்தபின் கூடிப் பேசும்போது செய்யத்தக்க வேலை இதுவே என்று நாம் எண்ணுகின்றோம். அவர்கள் இக்கலையின் உரையாசிரியர்கள். ஆனால் உரையாசிரியர்க்கு இருந்த ஒரு வசதி இவர்க்கு இல்லை. பாட்டை எடுத்து எழுதினால் பாட்டே கிடைக்கும். காட்சியை எழுதினால் கிடைப்பது காட்சியன்று, அதன் நிழல். மூலமும் போய்ச் சுவைஞரும் போனால், 'வீடு' என்று ஒரு படம் இருந்ததாம், விருது பெற்றதாம் என்ற ஒரு வரியே பிள்ளைகளுக்கு மிஞ்சும். ஆகவே இவர்க்கு வேலை இரண்டு மடங்கு. கண்டதைத் துல்லியமாய்ச் சொல்லவும் வேண்டும். காணக் கிடைக்கும் பிரதியைத் தேடிப் பேணவும் வேண்டும்.

முதலாவது வேலை எளிதன்று. 'அருமையான படம்', 'மறக்க முடியாத காட்சி' என்று எழுதுவதற்குப் படம் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. எங்கிருந்து வெளிச்சம் வந்தது, முதியவர் எந்தக் கையாற் சுவரைத் தொட்டார், எவ்வளவு நேரம் பேச்சின்றிக் கழிந்தது என்று எழுதுவதற்குத்தான் பார்த்திருக்க வேண்டும். தம்மிடம் பயில வந்த இளைஞர்களை நாள்தோறும் ஒரு சிறுகதை படித்து, அதன் சாரத்தைச் சொல்லும்படி பாலு மகேந்திரா பழக்கினார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி முதலியோரும் கவிஞர் நா. முத்துக்குமாரும் அவரிடம் இருந்தவர்களே. சின்னத்திரைக்காக அவர் செய்த 'கதை நேரம்' தமிழ்ச் சிறுகதைகளையே முதலாகக் கொண்டது. படம் எடுக்க வந்தவனைப் படிக்க வைத்தவர் அவர். படிப்பவனைப் படம் பார்க்கப் பழக்குவது நம்போன்ற ஆசிரியர்க்கு உரிய பங்கு.

அவர் இறுதியாக எடுத்த படம் 2013 இல் வந்த 'தலைமுறைகள்'. அதில் அவரே தாத்தாவாக நடித்தார், தொப்பியில்லாமல். பட்டணத்திலிருந்து வந்த பேரன் தமிழ் அறியான். தாத்தா ஆங்கிலம் அறியார். இருவரும் ஆற்றங்கரையில் ஒருவர்க்கொருவர் மொழி கற்பித்துக்கொள்ளும் காட்சிகளைத் தமிழாசிரியர் எவரும் தனியே இருந்து பார்ப்பது நன்று. கண் கலங்கினால் மாணவர் காணமாட்டார். தமிழையும் தம்மையும் மறவாதிருக்கும்படி அக்கிழவர் பேரனிடம் கேட்டுக்கொள்கின்றார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது அப்படத்துக்கு என்று அறிவிக்கப்பட்டபோது, நெறியாளர் மறைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வரும் பெப்ரவரியில் நினைவுக் கூட்டம் நடத்த எண்ணும் சங்கங்களுக்கும் பாடசாலை இலக்கிய மன்றங்களுக்கும் நம் வேண்டுகோள் இது. பேச்சாளரைக் குறையுங்கள்; தலைவர் உரையையும் சுருக்குங்கள். 'வீடு' படத்தின் பிரதிகளுள் உங்களுக்குக் கிட்டுவனவற்றுட் சிறந்ததைத் தேடிக் காட்டுங்கள். இடையிற் பாட்டு வராதா என்று பிள்ளைகள் முதல் அரைமணி நேரம் நெளிவர், விட்டுவிடுங்கள். படம் முடிந்தபின், அம்முதியவர் கூரையில்லா வீட்டுக்குள் நுழையும் காட்சியைக் கண்டவாறே ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். பழைய படமாளிகைகளிற் பணிபுரிந்தோர் வீடுகளிற் சுருள்களோ ஒளிநாடாக்களோ கிடந்தால், அவை எப்படத்தினவாயினும், எறிவதற்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். மாணவர் எழுதியவற்றை இப்பக்கத்துக்கு அனுப்பினால் நல்லனவற்றுக்கு இடம் தருவோம். தொப்பியைப் பற்றிய கட்டுரைகள் போதிய அளவு கைவசம் உள்ளன.